நாயைப் பழக்குபவரைப் பழக்குவது எப்படி?

2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நீலகிரி மாவட்டம் முழுவதும் ஒரே பேச்சுத்தான். கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் ஆட்களையும் மாடுகளையும் கொன்றதாகச் சொல்லப்பட்ட 'டி-23' என்ற புலியை வனத்துறையினர் மூன்று வாரங்களாகத் தேடிக்கொண்டிருந்தனர். கும்கி யானைகள் வந்தன. ஆளில்லா விமானங்கள் பறந்தன. மோப்ப நாய்களும் வந்தன. அக்டோபர் 15-ஆம் நாள் மசினகுடி அருகே மயக்க ஊசி செலுத்தி, அப்புலியை உயிருடன் பிடித்தனர்.

அந்நாட்களில் செய்தித்தாள்களில் வெளிவந்த படங்களில் மோப்ப நாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் கழுத்துவாரின் மறுமுனையைப் பிடித்திருந்த மனிதரைக் கவனித்தீர்களா? எங்கள் கல்லூரி மாணவர்கள் நாயின் மூக்கைப் பற்றி என்னிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டார்கள். அந்த மனிதரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் நாய்ப் பயிற்சியில் நெடுநாள் ஈடுபட்டவர்களைக் கேட்டால், நாய்க்குக் கற்றுக் கொடுப்பது எளிது, அதைக் கையாளப் போகிறவருக்குக் கற்றுக் கொடுப்பதே கடினம் என்பார்கள். ஏன் அப்படி என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

முதலில், இந்த மனிதர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? இராணுவத்திற்கு மீரட்டிலும், எல்லைப் பாதுகாப்புப் படைக்குக் குவாலியருக்கு அருகிலுள்ள தேக்கன்பூரிலும் நாய்ப் பயிற்சி நிலையங்கள் உண்டு. காடுகளில் நடக்கும் திருட்டு வேட்டையைத் துப்பறிய நாய்களைப் பழக்கும் திட்டம் ஒன்றை 2008-இல் 'டிராஃபிக்' என்ற அமைப்பு உலக வனவிலங்கு நிதியத்துடன் சேர்ந்து நம் நாட்டில் தொடங்கியது. போபாலில் உள்ள சிறப்பு ஆயுதப் படையின் 23-ஆவது பட்டாலியனிலும், பின்னர் அரியானாவின் பஞ்ச்குலாவில் உள்ள இந்தோ-திபெத்திய எல்லைக் காவற்படை முகாமிலும் பல மாநிலங்களின் வனத்துறை நாய்கள் பயிற்சி பெற்றன. முதுமலையை அடுத்துள்ள பந்திப்பூரின் 'ராணா' என்ற அல்சேஷியன் நாயின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019-இல் குண்டுலுப்பேட்டைப் பக்கம் ஆட்களைக் கொன்ற புலியைத் தேடும் பணியில் ஈடுபட்டது அதுதான்.

இந்நிலையங்களுக்கு நாய் மட்டும் தனியாகப் போவதில்லை. ஒரு நாய்க்கு இரண்டு ஆட்கள் வீதம் வனத்துறையே அனுப்பி வைக்கிறது. நாய்க்கு வயது ஆறு முதல் ஒன்பது மாதம் இருக்கும். பயிற்சிக் காலமும் ஏழு முதல் ஒன்பது மாதம். வருகிறவர் நேற்றுவரை காட்டில் ரோந்து சுற்றியவர். வீட்டில் நாய் வளர்த்த பழக்கம் அவருக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் நல்லது என்று நினைப்போம். பல நேரங்களில் அதுவே தொல்லை. பழைய பழக்கங்களை முதலில் மறக்க வேண்டியிருக்கும்.

தொடக்கத்தில் மோப்பத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. கூண்டைக் கழுவுதல், உணவளித்தல், உரோமத்தைச் சீவுதல், உண்ணி பார்த்தல், நடைக்கு அழைத்துச் செல்லுதல் இவையே வேலை. நாய் தன்னிடம் பழகுவதற்காக இவற்றைச் செய்யச் சொல்கிறார்கள் என்று புதியவர் எண்ணுவார். அது பாதிதான் உண்மை. நாயின் வால், காது, மூச்சு, நடை இவற்றின் அன்றாட இயல்பு அவர் கண்ணில் பதிய வேண்டும். இயல்பு தெரிந்தால்தானே மாற்றம் தெரியும்? பின்னாளில் காட்டில் ஓடிக் கொண்டிருக்கும் நாய், வாசனையின் ஓரத்தைத் தொட்டதும் ஒரு கணம் தலையைத் திருப்பும், வாலின் ஆட்டம் மாறும், மூச்சு குறுகும். அதைக் காணத் தவறியவர் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்.

அரை வினாடியின் அருமை

நாய்க்கு வாசனையைக் கற்பிக்கும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. நாய்க்கு ஒரு பந்தின்மேல் பெரும் ஆசையை முதலில் வளர்க்கிறார்கள். பிறகு புலித்தோல் துண்டு, எலும்பு, யானைத் தந்தம் போன்றவற்றில் ஒன்றைப் பெட்டிகளில் ஒளித்து வைக்கிறார்கள். சரியான பெட்டியை முகர்ந்து நாய் நிற்கும் கணத்தில் பந்து பறந்து வருகிறது. சில நாட்களில் 'இந்த வாசனை இருக்குமிடத்தில்தான் பந்து பிறக்கிறது' என்று நாய் முடிவு கட்டிவிடுகிறது. மணியோசை கேட்டதும் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்களை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒரு செயலின் விளைவு இனிதாயிருந்தால் அச்செயல் மீண்டும் நிகழும் என்று 1898-இல் பூனைகளைக் கொண்டு தார்ன்டைக் காட்டினார். நாய்ப் பயிற்சி இவ்விரண்டின் மேல்தான் நிற்கிறது.

சிக்கல் எங்கே என்றால், பந்து வரும் 'கணத்தில்'. நாய் வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். நீங்கள் ஒரு வினாடி தாமதித்துப் பாராட்டினால் நாய் மூன்று மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அங்கே அது ஒரு கல்லை முகர்ந்து கொண்டிருந்தால், நீங்கள் பாராட்டியது கல்லைத்தான். நாய் உங்கள் எண்ணத்தைப் படிப்பதில்லை, நேரத்தைத்தான் படிக்கிறது.

இதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லலாம். குன்னூரில் நான் குடியிருந்த வீட்டில் ஒரு நாய் வளர்த்தேன். வாசற்கதவு திறந்தால் போதும், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திற்குள் ஓடிவிடும். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியபின் திரும்பி வரும். வந்ததும் முதுகில் ஓர் அடி வைப்பேன். ஒரு மாதத்தில் நாய் நன்றாகவே பாடம் கற்றது. கூப்பிட்டால் வருவதையே நிறுத்திவிட்டது! ஓடியதற்காக நான் அடித்தேன். வந்ததற்காக அடி விழுகிறது என்று அது கணக்கிட்டுக் கொண்டது. காலக் கணக்கில் பிழை அதனுடையதா, இயற்பியல் கற்பிக்கும் என்னுடையதா?

பயிற்சியாளர்களுக்கே பயிற்சி அளிப்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான வழியைக் கையாண்டனர். உளவியலறிஞர் ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதியர் விலங்குகளைப் பழக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். பிற்காலத்தில் மரியனும் பாப் பெய்லியும் வகுப்புகள் நடத்தியபோது, நாய் பழக்க வந்தவர்களின் கையில் நாயைக் கொடுக்கவில்லை; கோழியைக் கொடுத்தார்கள்! பல நிறத் தட்டுகளில் ஒரு நிறத்தை மட்டும் கோழி கொத்த வேண்டும். கோழி மிக விரைவாகக் கொத்தும். நம் முகத்தைப் பார்த்து ஊகிக்காது. அன்புக்காகவும் எதையும் செய்யாது. நாய் நம் பிழைகளை மன்னித்து, எப்படியோ புரிந்து கொள்ளும். கோழியோ, நீங்கள் எதற்குத் தீனி போட்டீர்களோ அதையே செய்யும். அரை வினாடி தவறினால் தவறான தட்டைக் கற்றுக் கொண்டு உங்கள் முன் நிற்கும். தன் பிழையை மாணவர் தானே கண்ணால் காண்பதற்கு இதைவிட நல்ல சாதனம் இல்லை என்றே தோன்றுகிறது.

கோழி இல்லாதவர்கள் வகுப்பறையில் இதை விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். ஒரு மாணவரை வெளியே அனுப்பிவிடுங்கள். அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை மற்றவர்கள் முடிவு செய்யட்டும். கரும்பலகைத் துடைப்பானை எடுத்து சன்னலில் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வந்தவரிடம் யாரும் பேசக் கூடாது. சரியான திசையில் அவர் அசையும்போது மட்டும் ஒருவர் கைதட்ட வேண்டும். கைதட்டுபவர் சற்றே தாமதித்தாலும் மாணவர் எங்கெங்கோ போய்ச் சுற்றுவார். சிலர் எரிச்சலடைந்து நின்றுவிடுவார்கள். எங்கள் வகுப்பில் இதைச் செய்தபோது, கைதட்டியவரே தன் தவறு புரியாமல் "இவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சார்" என்று முறையிட்டார்!

காற்று போகும் பாதை

புதியவர் கற்க வேண்டிய இரண்டாவது பாடம் என் பாடமாகிய இயற்பியலைச் சேர்ந்தது என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நம் மூக்கில் ஏறத்தாழ ஐம்பது, அறுபது இலட்சம் மோப்ப உணர்விகள் உள்ளன. நாய்க்கு அவை பத்துக் கோடிக்கு மேல். அது வினாடிக்கு ஐந்து தடவை வரை முகர்கிறது. வெளிவிடும் மூச்சை மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகளின் வழியே பின்னோக்கித் தள்ளுவதால், முன்னால் உள்ள வாசனை கலைவதில்லை. இவ்வளவு நுட்பமான கருவியும், வாசனை மூலக்கூறு தன்னிடம் வந்து சேர்ந்தால்தான் வேலை செய்யும். அது எப்படி வந்து சேர்கிறது?

வாயுக்கள் தாமாகவே பரவும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இதற்கு விரவல் என்று பெயர். வாசனை மூலக்கூறு ஒன்றின் விரவல் எண்ணைக் காற்றில் வினாடிக்கு 0.1 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அது பரவும் தூரத்தின் வர்க்கத்தை, விரவல் எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் தேவையான காலம் கிடைக்கும். ஒரு மீட்டர், அதாவது 100 சென்டிமீட்டர் பரவ 10,000-ஐ 0.2-ஆல் வகுக்க வேண்டும். விடை 50,000 வினாடி. ஏறக்குறைய பதினான்கு மணி நேரம்! இரண்டு மீட்டருக்கு இதைப்போல் நான்கு மடங்கு, இரண்டு நாளுக்கும் மேல். சமையலறையில் தாளிக்கும் மணம் ஒரு நிமிடத்தில் தெருவாசலுக்கு வந்துவிடுகிறதே என்பீர்கள். அதைக் கொண்டு வருவது விரவல் அன்று, காற்றோட்டமே. ஆகவே வாசனையைத் தேடுவதென்பது காற்றின் பாதையைத் தேடுவதே ஆகும்.

சமவெளியில் இது ஓரளவு எளிது. மலையில் அப்படி அன்று. பகலில் வெயில் பட்ட சரிவு சூடேறும். அதை ஒட்டிய காற்று இலேசாகி மேல்நோக்கி ஏறும். மாலையில் சரிவு விரைவில் குளிரும். குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீரைப் போலவே பள்ளத்தை நோக்கி வழியும். காற்றில்லாத தெளிந்த இரவுகளில் பள்ளத்தாக்கின் அடி, சரிவைவிடக் குளிர்ந்து போவதும் இதனால்தான். உதகையில் உறைபனி விழும் மாதங்களில் பாருங்கள். காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் புல் வெள்ளை வெளேரென்றிருக்கும். சற்று மேலே சரிவிலுள்ள வீட்டுத் தோட்டம் தப்பித்திருக்கும். உறைபனி எங்கே தேங்குகிறதோ அங்கேதான் வாசனையும் தேங்கும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். சரிவின் நடுவே ஒரு புதரில் மான் தோல் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. முற்பகலில் அதன் வாசனை மேலே போகிறது. ஆகவே நாயை மேட்டுப் பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக நடத்த வேண்டும். மாலையில் அதே வாசனை கீழே ஓடைப் பக்கம் இறங்கிவிடும். இப்போது கீழே நடத்த வேண்டும். நேரத்தைக் கவனியாமல் காலையில் செய்ததையே மாலையிலும் செய்தால், உலகிலேயே சிறந்த நாயும் வெறும் மூக்கோடு திரும்பும். குற்றம் நாயின்மேல் விழும். காற்று திசை மாறும் இடைநேரம் இன்னும் குழப்பமானது. ஓடையருகே வாசனைக் குட்டை ஒன்று கிடக்கும். நாய் அங்கே சுற்றிச் சுற்றி வரும். பொருளோ நூறு மீட்டர் மேலே இருக்கும்.

தேயிலைத் தோட்டம் ஒரு தனி உலகம். இடுப்பளவு உயரத்தில் மேசைபோல் வெட்டிவிடப்பட்ட செடிகளின்மேல் காற்று வீசிச் செல்லும். அடியில் ஈரமும் நிழலும் அசைவற்ற காற்றும் இருக்கும். மேலே நிற்கும் மனிதரின் கன்னத்தில் படும் காற்றின் திசையும், கீழே வரிசைக்கிடையில் புகுந்து போகும் நாயின் மூக்கில் படும் காற்றின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆதலால் கையாள்பவர் சில சமயம் குனிந்து, நாயின் மூக்கு மட்டத்தில் மெல்லிய தூளை ஊதிப் பார்க்க வேண்டும். கூடலூர்ப் பக்கத்து ஈரத்திற்கும் மசினகுடிப் பக்கத்து வறட்சிக்கும் உள்ள வேற்றுமையையும் இதோடு சேர்த்துக் கொள்ளுங்கள். வறண்ட வெயிலில் நாய் வாய் திறந்து இளைக்கும். இளைக்கும் நாயால் ஒழுங்காக முகர முடியாது. எப்போது நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் காட்டுவது என்பதும் கையாள்பவரின் கல்வியில் ஒரு பகுதி.

மலைச் சரிவில் வசிக்கும் வாசகர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். காற்று அடங்கிய மாலையில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, முற்றத்தின் விளிம்பில் தரையோடு ஒட்டி நட்டு வையுங்கள். புகை முதலில் சிறிது எழும்பும். பிறகு ஆறிச் சரிவை நோக்கி மெல்ல வளைந்து இறங்கும். மறுநாள் வெயிலேறிய பிறகு அதே இடத்தில் வைத்துப் பாருங்கள்.

நினைத்ததைக் கண்டுபிடிக்கும் நாய்

மூன்றாவது பாடமே மிகக் கடினமானது. இதில் தவறினால் பிறர் துன்பப்படுவர்.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பெர்லின் நகரில் 'ஹான்ஸ்' என்றொரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1904-இல் ஒரு குழுவே வந்து ஆராய்ந்து, ஏமாற்று எதுவும் இல்லை என்றது. பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்து உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலை தன்னறியாமல் இம்மியளவு அசைந்தது. குதிரை அதைக் கண்டு நிறுத்திக் கொண்டது.

குதிரைக்கே அப்படி என்றால், பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனின் முகத்தையே பார்த்து வாழ்ந்து வரும் நாய்க்கு என்ன? 2011-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். போதைப்பொருள், வெடிபொருள் கண்டுபிடிக்கப் பயின்ற 18 நாய்களும் அவற்றைக் கையாள்பவர்களும் பங்கு கொண்டனர். தேட வேண்டிய அறைகளில் பொருள் இருக்கலாம் என்றும், சில இடங்களில் ஒரு சிவப்புத் தாள் அதைக் குறிக்கும் என்றும் அவர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் எந்த அறையிலும் எதுவும் வைக்கப்படவில்லை. 144 தேடல்களில், நாய் 'இங்கே இருக்கிறது' எனக் காட்டியதாகக் கையாள்பவர்கள் அறிவித்தது 200 தடவைக்கும் மேல். நாய்களைக் கவர்வதற்காக இறைச்சித் துண்டுகளையும் சில இடங்களில் மறைத்து வைத்திருந்தனர். அவற்றைவிட, மனிதருக்கு மட்டுமே பொருள்படும் சிவப்புத் தாள் இருந்த இடங்களையே கையாள்பவர்கள் மிகுதியாகச் சுட்டினர். நாய் மனிதரின் நினைப்பைப் பின்பற்றியதா, மனிதர் நாயின் சாதாரண அசைவைத் தம் நினைப்புக்கேற்பப் படித்தாரா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டுமே நடக்கக் கூடியவைதாம்.

இது சோதனைச்சாலை வேடிக்கை அன்று. ஒரு சோதனைச் சாவடியில் கையாள்பவருக்கு ஒருவரின் வண்டியைப் பார்த்ததுமே ஐயம் வருகிறது. அவ்வண்டியருகே கால் தயங்குகிறது, வார் இறுகுகிறது. நாய் உட்கார்ந்துவிடுகிறது. 'நாயே காட்டிக் கொடுத்துவிட்டது' என்று ஊர் பேசும். காட்டிக் கொடுத்தது நாயா, வாரா? நம் உச்ச நீதிமன்றம் 2001-இல் ஆந்திர மாநில வழக்கு ஒன்றில் மோப்ப நாய்ச் சான்றின் குறைகளை எடுத்துரைத்தபோது, நாயோ அதன் எசமானரோ தவறக்கூடும் என்பதையே முதற் குறையாகக் குறிப்பிட்டது. நாய் காட்டியது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்பது எவ்வளவு ஆபத்து என்பதை இப்போது நீங்களே உணர்வீர்கள்.

இதற்கு மாற்று என்ன? பொருளை ஒளிப்பவர் வேறு, நாயை நடத்துபவர் வேறு என்று பிரித்துவிட வேண்டும். எங்கே இருக்கிறது என்பது நடத்துபவருக்குத் தெரியக் கூடாது. அருகில் நிற்கும் எவருக்கும் தெரியாதிருப்பது இன்னும் நல்லது. சில நாட்களில் எதையுமே ஒளிக்காமல் தேடச் சொல்ல வேண்டும். 'இங்கே ஒன்றும் இல்லை' என்று திரும்பி வந்து சொல்லும் துணிவு புதியவருக்கு வர வேண்டும். மேலதிகாரியின் முன் வெறுங்கையோடு நிற்பது எந்த ஊழியருக்கும் எளிதன்று. 'ஏன் எதுவும் கிடைக்கவில்லை?' என்று கேட்கும் அதிகாரி, தன்னறியாமல் பொய்க் காட்டலுக்கு விதை போடுகிறார் என்பது என் கருத்து. அதிகாரிகளுக்கும் ஓரிரு நாள் இப்பயிற்சியில் இடமளிக்கலாம்.

பயிற்சி நிலையத்திலிருந்து திரும்பிய பிறகும் படிப்பு முடிவதில்லை. பயிற்சியைத் தொடராவிட்டால் நாயும் மறக்கும்; மனிதரின் கையும் மந்தமாகும். ஆகவே ஒளித்துத் தேடும் வேலை வாரந்தோறும் நடந்தாக வேண்டும். இரண்டு ஆட்கள் இருப்பதால் ஒருவர் விடுப்பில் சென்றாலும் நாய் தனித்து விடப்படுவதில்லை. ஒருவர் ஒளிக்க, மற்றவர் தேடவும் முடிகிறது. இருவரையும் ஒருசேர இடமாற்றம் செய்துவிட்டால், கூண்டில் இருப்பது மூக்குள்ள ஒரு வீட்டு நாய்தான்.

முழுப் பகலும் காட்டில் அலைந்து ஒன்றும் அகப்படாத நாட்கள் நாய்க்கும் உண்டு. அப்படித் தொடர்ந்து பல நாள் நேர்ந்தால் அதன் ஊக்கம் குறைந்துவிடும். அதனால் வேலை முடிந்தபின், தேடிய பகுதிக்கு வெளியே, துணை ஆள் பயிற்சிப் பொருளை ஓரிடத்தில் மறைத்து வைப்பார். எங்கே என்று தெரியாமலே மற்றவர் நாயை அவிழ்த்து விடுவார். நாய் கண்டுபிடித்து, பந்தைக் கவ்விக் கொண்ட பிறகுதான் அதை வண்டியில் ஏற்றுவார்கள்.